சட்டமியற்றுபவர்கள் கம்பனிகளின் கணக்குகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

பாராளுமன்ற உறுப்பினர்கள் வரிகளையும் விலைக் கொள்கைகளையும் தீர்மானிக்கும்போது கம்பனிகளின் வருடாந்த அறிக்கைகளை உண்மையிலேயே வாசிக்கிறார்களா, வாசிப்பதானால் யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஒரு சிறிய கம்பனியின் கணக்குக்கு அங்கே ஏதாவது பெறுமதி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். முதற்பகுதிக்கு ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம்: அரிதாகவே. ஆனால் நீங்கள் அறிய விரும்புவது அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். ஒரு கம்பனியின் இலாப நட்டக் கணக்கில் உள்ள ஓர் இலக்கம் யார் யாருடைய கைகளைக் கடந்து சட்டத்துக்குள் நுழைகிறது, நுழையும்போது அதன் பொருள் எவ்வளவு மாறிவிடுகிறது, எந்த இலக்கங்கள் அங்கே போய்ச் சேருவதே இல்லை என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம். நான் பட்டயக் கணக்காளன். கொழும்பில் கணக்காய்விலும் பின்னர் யாழ்ப்பாணத்தில் வரி ஆலோசனையிலும் நீண்ட காலம் வேலை செய்திருக்கிறேன். பாராளுமன்றக் குழு எதிலும் அமர்ந்ததில்லை. ஆகவே கணக்குகளைப் பற்றி நான் எழுதுவதை அனுபவமாகவும், ஓர் உறுப்பினரின் மனதை மாற்றியது எது என்பது பற்றி எழுதுவதை அனுமானமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று. நிதிக்கூற்றுகள் சட்டமியற்றுபவர்களுக்காக எழுதப்படுவதில்லை. 2012 ஜனவரி முதல் இலங்கை பின்பற்றும் கணக்கீட்டு நியமங்கள் சர்வதேச நியமங்களை அடியொற்றியவை. அவற்றின் கருத்தியல் சட்டகம், இந்தக் கூற்றுகள் முதலீட்டாளர்களுக்கும் கடன் கொடுப்போருக்கும் உரியவை என்றும், ஒழுங்குபடுத்துவோரும் பொதுமக்களும் அவற்றால் பயன் பெறக்கூடும் என்றாலும் முதன்மையாக அவர்களுக்காக அவை தயாரிக்கப்படுவதில்லை என்றும் வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரு கம்பனியில் பணம் போடலாமா என்று யோசிப்பவருக்குத் தேவையான இலாபமும், ஒரு தொழிற்றுறையால் இன்னும் எவ்வளவு வரி தாங்க முடியும் என்று யோசிப்பவருக்குத் தேவையான இலாபமும் ஒன்றல்ல. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு விட்ட கட்டடம் ஒன்றை வைத்திருக்கும் கம்பனியை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கட்டடத்தை நியாயப் பெறுமதியில், அதாவது அன்றைய சந்தை மதிப்பில், காட்டும் முறையை அது தெரிவு செய்திருந்தால், காணி விலை ஏறிய ஆண்டில் அந்த ஏற்றம் முழுவதும் இலாபமாகப் பதிவாகும். கைக்கு ஒரு சதமும் வந்திராது. உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அந்த ஏற்றத்தை அந்த ஆண்டின் வருமானமாகக் கொள்வதில்லை. ஆனால் ‘இலாபம் இரட்டிப்பானது’ என்ற தலைப்பைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு ஓர் உறுப்பினர் சபையில் பேச எழுந்தால், அவர் பேசுவது இல்லாத காசைப் பற்றியதாகவே இருக்கும்.

அப்படியானால் கணக்குகள் எந்த வழியாகப் பாராளுமன்றத்துக்குப் போகின்றன? மிகத் தெளிவான வழி அரச நிறுவனங்களுடையது. கோபா எனப்படும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு 1921 முதலும், கோப் எனப்படும் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு 1979 முதலும் இயங்குகின்றன. கணக்காய்வாளர் அதிபதி அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரையின் கீழும் 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின் கீழும் தயாரிக்கும் அறிக்கைகளே இக்குழுக்களின் மூலப்பொருள். இங்கே உறுப்பினர்கள் உண்மையாகவே இலக்கங்களை வாசிக்கிறார்கள், அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்கிறார்கள். ஆனால் இந்த வாசிப்பு பெரும்பாலும் நடந்து முடிந்ததை விசாரிப்பதற்கானது. ஒரு கூட்டுத்தாபனம் ஏன் நட்டமடைந்தது என்று கேட்பதும் அடுத்த ஆண்டு அதன் பொருளுக்கு என்ன விலை வைப்பது என்று தீர்மானிப்பதும் வெவ்வேறு வேலைகள். முதலாவதற்கு எழுதப்பட்ட அறிக்கையை இரண்டாவதற்குப் பயன்படுத்தும்போதுதான் சறுக்கல் ஏற்படுகிறது.

பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 2022ஆம் ஆண்டு நட்டம் இதற்குப் பொருத்தமான உதாரணம். அந்த ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, கூட்டுத்தாபனம் அரச வங்கிகளுக்குச் செலுத்தவேண்டியிருந்த டொலர்க் கடன்கள் ரூபாக் கணக்கில் ஒரேயடியாக வீங்கின. அந்நியச் செலாவணி பற்றிய நியமத்தின்படி அந்த வீக்கம் அதே ஆண்டின் இலாப நட்டக் கணக்கில் நட்டமாக வந்து விழுகிறது. கணக்கின் கடைசித் தொகையை மட்டும் பார்ப்பவர், பெற்றோலை அடக்க விலைக்கு மிகக் கீழே விற்றதால்தான் இவ்வளவு பெரிய நட்டம் என்று முடிவு கட்டிவிடுவார். விலையால் வந்த நட்டமும் அதில் இருக்கிறது; ஆனால் பழைய கடனின் செலாவணி நட்டத்தையும் அன்றாட விற்பனையின் நட்டத்தையும் பிரிக்காமல் விலைக் கொள்கையைப் பேச முடியாது. முன்னையதை இன்றைய வாகன ஓட்டியிடம் அறவிடுவதா, திறைசேரி ஏற்பதா என்பது அரசியல் தீர்மானம். பின்னர் அந்த டொலர்க் கடனின் பெரும்பகுதி திறைசேரிக்கு மாற்றப்பட்டது. இந்தப் பிரிப்பைச் செய்வதற்கு வேண்டிய தகவல் முழுவதும் கணக்குகளின் குறிப்புகளில்தான் இருக்கும், முகப்புப் பக்கத்தில் இருக்காது. மின்சாரக் கட்டணத்தில் நிலைமை சற்று மேலானது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்துறையின் செலவு மதிப்பீட்டைத் தனியாகக் கேட்டுப் பெற்று, பொதுமக்கள் கருத்தையும் கேட்டுத் தீர்மானிக்கிறது. ஆகவே ஆண்டு முடிந்து வரும் கணக்கை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆயினும் 2025 ஜனவரியில் சராசரியாக 20 சதவீதம் குறைக்கப்பட்ட கட்டணம் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் 15 சதவீதம் உயர்த்தப்பட்டதைப் பார்க்கையில், கடந்த ஆண்டின் இலாபத்தை வரும் ஆண்டின் செலவுக்குச் சான்றாகக் கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

தனியார் கம்பனிகளின் கணக்குகள் சட்டத்தின் வாசகத்துக்குள்ளேயே நேரடியாக நுழைந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2015ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க நிதிச் சட்டம் ஒருமுறை மட்டும் அறவிடும் 25 சதவீத மிகை இலாப வரியைக் கொண்டுவந்தபோது, கம்பனிக் குழுமங்களைப் பொறுத்தவரை கணக்காய்வு செய்யப்பட்ட நிதிக்கூற்றுகளின்படி வரிக்கு முந்திய மொத்த இலாபம் 2,000 மில்லியன் ரூபாவைத் தாண்டுகிறதா என்பதையே வாசற்படியாக வைத்தது. ஏழு ஆண்டுகள் கழித்து 2022ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மிகைவரிச் சட்டம் வந்தது. வீதமும் 25 சதவீதம், எல்லையும் 2,000 மில்லியன். ஆனால் இம்முறை அளவுகோல் 2020/2021 மதிப்பாண்டின் வரிவிதிக்கத்தக்க வருமானம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சொல் மாற்றம் போலத் தோன்றலாம். கணக்காளருக்கு இரண்டும் வெவ்வேறு கம்பனிகளைப் பிடிக்கும் வெவ்வேறு வலைகள். வரிச் சலுகைக் காலத்தில் உள்ள கம்பனி பெரிய கணக்கீட்டு இலாபத்தைக் காட்டிக்கொண்டே வரிவிதிக்கத்தக்க வருமானம் இல்லாமல் இருக்கலாம். இயந்திரம், கட்டடம் போன்றவற்றுக்காக வரிச் சட்டம் கழிக்க அனுமதிக்கும் மூலதனக் கொடுப்பனவுகளையும் முன்னைய நட்டங்களையும் கழித்த பின்னர் இன்னொன்றின் வருமானம் பாதியாகலாம். எது நீதியானது என்பதில் நேர்மையான கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தாம் தெரிவது எந்த வலை என்பதை வாக்களிப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டின் சட்டமூலம் முதலில் வெளிவந்தபோது, வருமானத்தின் அளவை மட்டும் வைத்து வரைந்த எல்லைக்குள் ஊழியர் சேமலாப நிதியமும் அகப்பட்டது. தொழிலாளரின் ஓய்வூதியச் சேமிப்பை ஒரு பெருங்கம்பனியின் இலாபத்துடன் சேர்த்து எண்ணும் நோக்கம் எவருக்கும் இருந்திருக்கும் என்று நான் கருதவில்லை. எதிர்ப்பு எழுந்த பின்னர் அந்நிதியம் விலக்கப்பட்டது. ஒரு தொகையை மட்டும் வைத்துச் சட்டம் வரைந்தால், அதன் பின்னால் இருப்பவர் யார் என்பதை அத்தொகை சொல்லாது. அந்தச் சட்டத்தில் இன்னொரு விடயம் பொதுவெளியில் அதிகம் பேசப்படவில்லை. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அந்த மிகைவரியை அவ்வாண்டின் இலாபத்திலிருந்து கழிக்காமல் ஆரம்பத்தில் இருந்த பிடித்துவைத்த வருவாயிலிருந்து (முன்னைய ஆண்டுகளில் பங்கிடாமல் சேர்ந்த இலாபத்திலிருந்து) கழிப்பதற்கு மாற்று முறை ஒன்றை வெளியிட்டது. முன்னைய ஆண்டின் வருமானத்துக்கு உரிய வரி என்பதால் அதற்கு நியாயம் உண்டு. விளைவு என்னவென்றால், அவ்வாண்டு இலாப நட்டக் கணக்கை மட்டும் எடுத்துப் பார்க்கும் உறுப்பினருக்குத் தாம் வாக்களித்த வரியே கண்ணில் படாது. உரிமையாண்மையில், அதாவது கம்பனியில் பங்குதாரருக்குரிய பங்கில், ஏற்பட்ட மாற்றங்களைக் காட்டும் கூற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கணக்கீட்டு இலாபத்தையே வரியின் அடிப்படையாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் உதவும். அங்கே 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தம், 1987 முதல் 1989 வரை, கம்பனிகள் பங்குதாரர்களுக்குக் காட்டும் இலாபத்தின் ஒரு பகுதியைக் குறைந்தபட்ச வரிக் கணிப்பில் சேர்த்தது. 2022ஆம் ஆண்டில் மீண்டும், சராசரியாக ஒரு பில்லியன் டொலருக்கு மேல் நிதிக்கூற்று வருமானம் காட்டும் கம்பனிகளுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரி விதிக்கப்பட்டது. முதலாவது முயற்சியின்போது சில கம்பனிகள் தமது அறிக்கை இலாபத்தையே குறைத்துக் காட்டத் தலைப்பட்டன என்று ஆய்வுகள் கண்டன. அவ்வாறு நடந்தது என்பதில் பெருமளவு உடன்பாடு உண்டு. எவ்வளவு நடந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடு இல்லை. எப்படியாயினும் தர்க்கம் தெளிவானது: முதலீட்டாளர் நம்பும் இலக்கத்தின் மீது வரி விதித்தால், அந்த இலக்கமே வளைந்து, வரியும் குறைந்து முதலீட்டாளரும் ஏமாறலாம்.

வங்கிகளின் விடயத்தில் கதை வேறு, ஏனெனில் அங்கே சட்டமன்றத்துக்கும் கணக்குக்கும் இடையில் மத்திய வங்கி நிற்கிறது. 2023 ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டத்தை ஏற்றுக்கொண்டபோது, வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் (அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரங்கள்) அதிலிருந்து விலக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதியங்கள் உள்ளடக்கப்பட்டன. வங்கிகள் ஏற்கெனவே தமது இலாபத்தில் பாதியளவை வரியாகக் கொடுக்கின்றன, திருப்பிச் செலுத்தப்படாமல் நிற்கும் செயற்படாக் கடன்கள் உயர்ந்து மூலதனம் நெருக்கடியில் உள்ளது, வைப்பாளரின் பணத்துக்கு ஆபத்து வரக்கூடாது என்பனவே சொல்லப்பட்ட காரணங்கள். அந்த வாதம் முழுவதும் வங்கிகளின் நிதித் தகவலை ஆதாரமாகக் கொண்டது. தகவல் சரியானதே என்பது என் கருத்து. ஆனால் அரசாங்கம் எடுத்த முடிவு அந்தத் தகவலிலிருந்து மட்டும் பிறக்கவில்லை: வங்கி வீழ்ந்தால் ஒரே நாளில் வரிசை தெரியும், ஓய்வூதிய நிதியத்தின் வருவாய் குறைந்தால் இருபது ஆண்டுகளில் சிறுகச் சிறுகத் தெரியும் என்ற கணிப்பும் அதில் இருந்தது என்று நினைக்கிறேன். இது அனுமானம். இலக்கங்கள் எல்லையை வரைந்தன. எல்லைக்குள் யார் சுமையை ஏற்பது என்பதை அவை சொல்லவில்லை.

இனி, என்னை மிகவும் கவலைக்குள்ளாக்கும் பகுதிக்கு வருகிறேன். சட்டம் தகவலை வைத்து உருவாகிறது என்று பேசுகிறோம். தகவலே சட்டத்தால் உருவாகிறது என்பதை மறந்துவிடுகிறோம். 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்த வரிக் குறைப்புகளை நினைத்துப் பாருங்கள். வற் எனப்படும் பெறுமதி சேர் வரியின் வீதம் 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது, கம்பனி வருமான வரியின் பொது வீதம் 28 சதவீதத்திலிருந்து 24 ஆனது. இவையெல்லாம் வருமான இழப்பாகப் பேசப்பட்டன. அதே நேரத்தில் வற் பதிவுக்கான வருடாந்தப் புரள்வு (மொத்த விற்பனை) எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனாக உயர்த்தப்பட்டது. சம்பளத்திலும் வட்டியிலும் முன்கூட்டியே பிடித்துவைக்கப்பட்ட கட்டாய வரிகள் நீக்கப்பட்டன. இந்த மாற்றங்களால் போனது பணம் மட்டுமல்ல. 12 மில்லியனுக்கும் 300 மில்லியனுக்கும் இடைப்பட்ட வியாபாரங்கள் காலாண்டுக்கு ஒருமுறை தமது விற்பனையையும் கொள்வனவையும் அரசுக்குத் தெரிவித்த வழக்கம் நின்றது. நம் ஊரில் நாம் பெரிய கடை, பெரிய ஒப்பந்தகாரர் என்று அறிந்திருக்கும் நிறுவனங்களில் பல அந்த இடைவெளிக்குள்தான் வரும். வங்கி வட்டியில் பிடித்துவைத்த வரியின் பதிவுகள் மூலம் வேறு வருமானங்களைக் கண்டறியும் வாய்ப்பும் அடைபட்டது. கிணற்றின் ஆழம் பார்க்கும் கயிற்றையே வெட்டி எறிந்துவிட்டு நீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது போன்ற நிலை அது. 2022 ஒக்டோபரில் எல்லை 80 மில்லியனாகவும் 2024 ஜனவரியில் 60 மில்லியனாகவும் குறைக்கப்பட்டது. வீதம் 18 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் விட்டுப்போன ஆண்டுகளின் தகவலை எந்தச் சட்டமும் திருப்பித் தராது. அந்த ஆண்டுகளில்தான் பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் வந்தன; சிறு, நடுத்தர வியாபாரங்களுக்கு எந்த நிவாரணம் தேவை என்று தீர்மானிக்க வேண்டிய வேளையில் அவற்றின் நிலையைக் காட்டும் தகவல் மிகவும் மெலிந்திருந்தது.

வடக்கில் இதன் இன்னொரு வடிவத்தை நுண்நிதிக் கடனில் கண்டோம். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்புப் பெறும் நிறுவனங்களையே முக்கியமாக நோக்கியது. வைப்புப் பெறாமல் கடன் மட்டும் கொடுத்த கம்பனிகள் அதன் பிடிக்கு வெளியே நின்றன. 2018ஆம் ஆண்டில், வடமாகாண மாவட்டங்கள் உட்பட வரட்சியால் பாதிக்கப்பட்ட பிரதேசங்களில் பெண்கள் பெற்று நிலுவையாகிய, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தபோது, அது பதிவு செய்யப்பட்ட நிதிக் கம்பனிகளின் கடன்களுக்கே பொருந்தியது. காரணம் எளிது: மத்திய வங்கியிடம் அவற்றின் கணக்குகளே இருந்தன. வாராவாரம் வாசலுக்கு வந்து வசூலித்த மற்றவர்களிடம் எத்தனை பேர் எவ்வளவு கடன்பட்டிருந்தார்கள் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் கொள்கையும் நின்றுவிட்டது, துன்பம் அங்கே அதிகமாக இருந்தபோதிலும்.

இதற்கு எதிர்த்திசையில், தகவல் மிகுதியாக வந்து சேரும் வழியும் ஒன்று உண்டு: தொழிற்றுறைச் சங்கங்கள் அமைச்சுக்கும் குழுக்களுக்கும் தாமே கொண்டுபோய்க் கொடுக்கும் இலக்கங்கள். அவை பொய்யானவை என்று சொல்லமாட்டேன். ஆனால் தெரிந்தெடுக்கப்பட்டவை. வரி உயர்ந்தால் எத்தனை வேலைகள் போகும் என்ற மதிப்பீடு இருக்கும். கடந்த சலுகையால் எத்தனை வேலைகள் உண்டாகின என்ற கணக்கு இருக்காது. 2008ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தந்திரோபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டம் 25 ஆண்டுகள் வரை வரி விலக்கு அளிக்க இடம் தந்தது. அவ்வாறான விலக்குகளால் அரசு இழக்கும் வருமானத்தை, அதைப் பெறும் கம்பனிகளின் பெயர்களுடன் வெளியிடும் நடைமுறை சர்வதேச நாணய நிதியத்தின் வேலைத்திட்டத்தின் பின்னரே இங்கு வந்தது. ஓர் உறுப்பினரின் மேசையில் சங்கத்தின் மனுவும் இந்தப் பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பெரிய முன்னேற்றம். 2023ஆம் ஆண்டில் பாராளுமன்றத்துக்கென வரவுசெலவுத் திட்ட அலுவலகம் ஒன்றை நிறுவுவதற்குச் சட்டம் இயற்றப்பட்டதும் இந்தக் குறையை நிரப்பத்தான். உறுப்பினர்களுக்கு அமைச்சையும் சங்கங்களையும் சாராத கணிப்பு ஒன்று கிடைக்க வேண்டும்.

இப்போது உங்கள் யாழ்ப்பாணக் கம்பனிக்கு வருவோம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி தனியார் கம்பனிகள் தமது நிதிக்கூற்றுகளைக் கம்பனிப் பதிவாளரிடம் பதிவுக்குக் கொடுக்க வேண்டிய கடப்பாடு இல்லை. வியாபாரப் பெயர்ப் பதிவோடு மட்டும் இயங்கும் தனி வியாபாரங்களுக்கும் பங்குடைமைகளுக்கும் அந்தக் கடப்பாடு இல்லை; நம் ஊரின் வியாபாரத்தில் பெரும்பகுதி அவையே. வருமான வரிக்குக் கொடுக்கும் விபரத்திரட்டு இரகசியம் காக்கும் கடமையால் மூடப்பட்டிருக்கிறது. எந்த உறுப்பினரும் அதைக் கேட்டுப் பார்க்க முடியாது, அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். கொழும்பில் பதிவான பெருங்கம்பனிகள் இங்கே நடத்தும் கிளைகளின் விற்பனையும் இலாபமும் நாடு தழுவிய ஒரே தொகைக்குள் மறைந்துவிடுகின்றன. நியமங்கள் கேட்கும் துறைவாரிப் பகுப்பு மாவட்டவாரிப் பகுப்பு ஆகாது. ஓரளவு விதிவிலக்கு வங்கிகள்: சில வங்கிகளின் வருடாந்த அறிக்கைகளில், கடன் இடர் எங்கே செறிந்திருக்கிறது என்பதைக் காட்டும் குறிப்பில் கடன்கள் மாகாண வாரியாகத் தரப்படுகின்றன. வடமாகாணத்துக்குக் கொடுத்த கடன் எவ்வளவு என்பதை மேல்மாகாணத்துடன் ஒப்பிட விரும்புபவர் அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கலாம். 2018 ஒக்டோபருக்குப் பின்னர் வடமாகாண சபை இயங்காததால், இப்படிப்பட்ட ஒப்பீட்டை முறையாகச் செய்து கொழும்பின் முன் வைக்கத் தெரிவு செய்யப்பட்ட மாகாண மன்றமும் இல்லை.

ஆகவே உங்கள் கம்பனியின் கணக்கு தானாக எங்கும் போய்ச் சேராது. நீங்கள் அனுப்பினால் போகும். வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னர் நிதி அமைச்சு முன்மொழிவுகளைக் கோருகிறது. அரசாங்க நிதி பற்றிய குழுவும் வரிச் சட்டமூலங்களை ஆராயும்போது தரப்பினரை அழைத்துக் கேட்பதுண்டு. தனியொரு கம்பனியாகப் போவதைவிட, ஒரே தொழிலில் உள்ள பத்துப் பதினைந்து நிறுவனங்கள் வணிகர் கழகம் ஒன்றின் ஊடாகப் பெயர் குறிப்பிடாமல் மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்துக் கொடுப்பது பயனுள்ளது. அதில் இலாபத்தை மட்டும் எழுதாதீர்கள். விற்பனை, மூலப்பொருட் செலவு, மின்சாரம், போக்குவரத்து, வட்டி, சம்பளம், செலுத்திய எல்லா வரிகளும், கையில் மிஞ்சிய காசு ஆகியவற்றைத் தனித்தனி வரிசைகளாகக் காட்டுங்கள். கொழும்பிலுள்ள அதே தொழிலோடு ஒப்பிடக்கூடிய இடங்களில் ஒப்பிடுங்கள். கணக்காய்வு செய்யப்பட்டது எது, உங்கள் மதிப்பீடு எது என்று குறியுங்கள். அரச நிறுவனம் ஒன்றின் கட்டணமோ சலுகையோ உங்கள் தொழிலைப் பாதிக்கிறது என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் கணக்கை எழுத்தில் கேட்கலாம். வணிக இரகசியம் என்று மறுத்தாலும் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்ய இடமுண்டு. மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். அட்டவணையை மட்டும் ஆங்கிலத்திலும் இணைத்துவிடுங்கள், ஏனெனில் அதைத் திறைசேரியில் வாசிக்கப்போகும் உத்தியோகத்தர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம்.